சனிக்கிழமைக் கதவு

நவம்பர் 2, வியாழன்

சனிக்கிழமை எங்கள் யூத ஓய்வுநாளுக்கு ரொட்டி வாங்கியாயிற்று. விடுதி வாசல் கார்டு தேய்த்தால்தான் திறக்கும். அன்றைக்கு மின்சாரத்தில் இயங்கும் எதையும் தொடமாட்டேன், கார்டும் சேர்த்தி. இரண்டு வருடமாக எதிர் அறை கெல்சிதான் திறந்துவிடுகிறாள். "உங்க கடவுளுக்குக் கதவு கூடத் திறக்கத் தெரியாதாடி?" என்று கிண்டல் வேறு.

நவம்பர் 5, ஞாயிறு

ஓய்வுநாளில் எழுதக் கூடாது. அதனால் நேற்றைய கதை இன்று.

ஜெபக்கூடத்திலிருந்து வந்தபோது மழை. குடையும் விரிக்கக் கூடாது. கண்ணாடிக்கு உள்ளே கெல்சி நின்றாள். என்னைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்துக்கொண்டே மாடி ஏறிவிட்டாள். பின்னால் வந்த இரண்டு பையன்கள் தங்கள் கார்டைத் தேய்த்து நுழைந்தார்கள். நான் கதவைப் பிடிக்கப் போனேன், இழுத்துச் சாத்தினார்கள்.

"உங்க ஊருக்கே போயிடு" என்றான் ஒருவன்.

என் ஊர் கிளீவ்லேண்ட். இதே நாடுதான், பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

நவம்பர் 6

கெல்சியிடமே கேட்டுவிட்டேன்.

"உன் மேல எனக்குக் கோபமில்ல தோவா. ஆனா இந்தப் போர் நேரத்துல உனக்குத் திறந்துவிட்டா நானும் உங்க கட்சின்னு நினைப்பாங்க."

எந்தக் கட்சி? நான் நனைஞ்சிட்டு நின்னேன், அவ்வளவுதானே?

நவம்பர் 8

என் அறைக் கதவில் நாஜிச் சின்னம். ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

நவம்பர் 9

வார்டன் புகார் எழுதித் தரச் சொன்னார். தந்தேன். "பார்க்கலாம்" என்றார்.

அப்பா போனில் அழுதுவிட்டார். "கார்டைத் தேய்ச்சுடும்மா. உயிர்தான் முதல்ல. பாவம் என் கணக்குல போகட்டும்." பிறகு, "வீட்டுக்கே வந்துடறியா?"

வரேன்னு சொல்லிட்டேன். ஞாயிறு பஸ். முடியல. என்னால முடியல.

நவம்பர் 12, ஞாயிறு

நேற்று வெளியே போகவே இல்லை. பெட்டியை வெள்ளியன்றே கட்டி வைத்திருந்தேன். போர்வைக்குள் கிடந்தேன். எழுந்து ஜன்னலில் பார்த்தால் கீழே ஷிஃப்ரா, முதல் வருடப் பெண், அதே கண்ணாடிக்கு வெளியே நனைந்துகொண்டு.

உள்ளேயிருந்து திறக்கக் கார்டு வேண்டாம். கையால் தள்ளினால் போதும்.

இறங்கி ஓடினேன். அதே பையன்கள் உள்ளேயிருந்து அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய்த் தள்ளினேன்.

"நீ ஊருக்கே போயிட்டேன்னு சொன்னாங்க" என்றாள் ஷிஃப்ரா.

ஒரு நாற்காலியை வாசலருகே இழுத்துப் போட்டு இருட்டும் வரை உட்கார்ந்தேன். நம்மவர்கள் இன்னும் சிலர் வந்தார்கள். திறந்தேன். கெல்சி இருமுறை கடந்து போனாள்.

இன்று அப்பா கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று.

"அடுத்த சனிக்கும் அந்தக் கதவுகிட்ட நாற்காலி போட்டு உட்கார ஒரு ஆள் வேணும்பா."

அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்போ நாற்காலில ஒரு தலகாணி போட்டுக்கோ."