ஸ்டூடியோ கண்ணாடிக்குள் இருந்த கை

செல்வியின் அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை "ஏங்க" என்பதைத் தவிர வேறெப்படியும் நான் கூப்பிட்டதில்லை. இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். ஏங்க, நம்ம கேஸில் நேற்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீங்கள் போட்ட கேஸ், நீங்கள் போன பிறகுதான் சாட்சி விசாரணைக்கே வந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செல்வி பிறந்த அன்று, தலை வெளியே வந்து தோள் சிக்கிக்கொண்டபோது, மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவைக் கூப்பிடாமல், நர்ஸே பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்குத் துவண்ட வலது கை பிறகு எழும்பவே இல்லை. "காசுக்காக இல்லடி. அடுத்தவ பிள்ளைக்கு இப்படி ஆவக் கூடாது" என்று மில் வேலையை விட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தீர்கள். நான் என்ன செய்தேன்? ஊர்க் கண்ணில் படாமல் அந்தக் கையை மூடிக்கொண்டே இருந்தேன்.

மஞ்சள் நீராட்டு அன்று ஸ்டூடியோவில் நடந்தது நினைவிருக்கிறதா? செல்வியின் வலது கையை மடக்கி, ரிப்பனால் இடுப்போடு கட்டி, தாவணியை மேலே இழுத்துவிட்டு, விரல்களைத் தாம்பாளத்துக்கு அடியில் வைத்தேன்.

"எதுக்குடி மறைக்கிற? அது என்ன திருட்டுப் பொருளா?" என்றீர்கள்.

"நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க படத்தைத்தான் பாப்பாங்க. நீங்க சும்மா இருங்க" என்றேன்.

நீங்கள் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தீர்கள். படம் அழகாக வந்ததென்று ஸ்டூடியோக்காரர் அதை வாசல் கண்ணாடிக்குள் மாட்டினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துப் பூரித்தேனே, பாவி.

அந்தப் படத்தின் பிரதியைத்தான் டாக்டரம்மாவின் வக்கீல் நேற்று நீட்டினார். "இது உங்க பொண்ணுதானேம்மா? ரெண்டு கையாலயும் தாம்பாளம் புடிச்சிருக்கே. கை வரலன்னு யாரு சொன்னது?"

கட்டினேன் என்று சொன்னால், பெற்ற பிள்ளையை மறைத்தவள் நான் என்று ஊரே அறியும். சொல்லாவிட்டால் உங்கள் கேஸ் போகும். அப்போதும் நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்விதான் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "ஐயா, அம்மாதான் ரிப்பன்ல கட்டிவுட்டாங்க" என்று தாவணியை விலக்கி, தொங்கும் கையைக் காட்டினாள்.

நீதிபதி என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். "ஏம்மா கட்டினாங்க?"

"எங்கம்மாவுக்கு என் கைன்னா வெக்கம், ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை அவள். வெளியே மழை வருகிறது என்பதுபோலச் சொன்னாள். எத்தனை நாளாகத் தெரியும் அவளுக்கு? வீடு திரும்ப மூலக்குளம் பஸ்ஸில் ஏறியபோதும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், வேர்க்கடலை கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாய்தா போட்டிருக்கிறார்கள். ஜெயிக்குமா, தெரியாது. அடுத்த முறை கூண்டில் ஏறி, கட்டியது நான்தான் என்று என் வாயால் சொல்வேன். அதற்கு முன் அதே ஸ்டூடியோவுக்குப் போகிறோம், ரிப்பன் இல்லாமல். கை தொங்குகிறபடி தொங்கட்டும். நான் அவளுடைய வலது பக்கம் நிற்பேன். அந்தப் படத்தையும் வாசலில் மாட்டச் சொல்வேன்.

இனிமேலாவது,
செல்வியின் அம்மா