ஒரு நடை இறங்க ஆகும் செலவு

மாப்பிள்ளைக்கு,

சேலத்தில் லாரி ஓட்டுகிறாய் என்று கேள்விப்பட்டேன். நீ சொல்லாமல் போனதிலிருந்து நம் ஜீப் வாசலிலேயே நிற்கிறது.

டீசல், டயர், பிரேக், டிரைவர் கூலி எல்லாம் சேர்த்து மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு ஒரு நடை இறங்க நூற்றெண்பது ரூபாய். பத்துப் பேர் ஏறினால் தலைக்குப் பதினெட்டு. பத்துப் பேர் சேராமல் வண்டியை எடுப்பதில்லை என்று நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அன்று பாப்பாவை மடியில் கிடத்திக்கொண்டு உன் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஏழு பேர்தான் ஏறியிருந்தார்கள். நீ காத்திருந்தாய். வெறும் காய்ச்சல் என்றுதான் நானும் நினைத்தேன்; எடு என்று சொல்லவில்லை. மலை இறங்கி முடிவதற்குள் நடந்ததை எழுத என்னால் ஆகாது.

இப்போது கணக்கை மாற்றிப் போட்டிருக்கிறேன். தலைக்கு இருபது. ஒன்பது நடையில் மிஞ்சுவது இன்னொரு நடைக்குப் போதும். உடம்பு முடியாமல் யார் வந்தாலும் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு உடனே இறங்கலாம்.

"ரெண்டு ரூபா சேத்தி எதுக்குங்க?" என்று பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு ஊரில் யாரும் கேட்கவில்லை.

கணக்குப் போட்ட காகிதத்தை உன் அக்காவிடம் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் திருத்தினாள். டிரைவர் கூலிக்கு நேராக, உனக்குப் பதில் வண்டி ஓட்ட நான் பேசி வைத்திருந்த பிரேம் பெயரை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா