தண்டுக்கும் ஒரு பொட்டு

செப்டம்பர் 26, 2025

முக்கொம்பில் மதகுகளை ஆறு அடித்துக்கொண்டு போன வருஷம்தான் என் மனைவி பானுமதி கடைசியாகத் திருவெள்ளறையில் தன் அக்கா வீட்டுக்குப் போனது. 2018 என்கிறாள் மருமகள் சௌமியா. எனக்கு எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அதற்குப் பிறகு அந்த அக்காதான் இங்கே ஸ்ரீரங்கத்துக்கு வந்துபோவாள். இந்த ஆடியில் அக்காவும் படுத்துவிட்டாள்.

பானுமதிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தாழ்ந்த காரில் குனிந்து ஏற முடியாது, உயர்ந்த காரில் காலைத் தூக்க முடியாது. நாற்காலி உயரத்தில் சீட் இருப்பது நம் பழைய அம்பாசிடரில்தான். அதுவோ நடுங்குகிறது. நேற்று கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள், "திருப்பச் சொல்லுங்க, உயிர் போகுது" என்றாள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம்.

செப்டம்பர் 29

மெக்கானிக் அப்துல் ஹலீம் வாசலிலேயே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"அண்ணே, கியர்பாக்ஸ்லேருந்து பின்பக்கம் போற தண்டு இருக்குல்ல, அதோட மூட்டுல பேரிங் பொடியாயிருச்சு. அண்ணி முதுகு மாதிரியேதான்."

"காதுல விழுது பாய்" என்றாள் பானுமதி உள்ளேயிருந்து.

கழற்றும் முன், தண்டும் பின் அச்சும் சேரும் இடத்தில் இரண்டிலும் படும்படி வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். பழைய துளைக்கு நேராகவே மறுபடி பூட்ட வேண்டுமாம். இடம் மாறினால் புது பேரிங் போட்டும் ஆட்டம் நிற்காதாம்.

செப்டம்பர் 30

பேரிங் மாற்றித் தண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பூஜை கழித்துப் பூட்டுவதாகச் சொன்னார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம் வைத்தேன். "என்னைப் பாடாப்படுத்துனது இதுதானே, இதுக்கு வேணாமா?" என்று பானுமதி தண்டைத் தன் முன்னால் ஸ்டூலில் வைக்கச் சொன்னாள். மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, மூன்று பொட்டு வைத்தாள்.

அக்டோபர் 2

ஹலீம் தண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கோடு எங்க அண்ணி?"

"அழுக்குன்னு நெனச்சேன் பாய்."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் திருவெள்ளறையிலிருந்து போன் வந்தது. அக்காவுக்குக் கஞ்சிகூட இறங்கலியாம். பானுமதி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் பக்கத்துலதானே இருந்தேன். கோடு இருக்குன்னு தெரியும். ஏன் வாயத் தெறக்கல? — கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் துடைக்கும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை.

அக்டோபர் 4

துளை நாலு. நாலு விதமாகவும் பூட்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஹலீம். ஆட்டத்தைச் சொல்ல, பானுமதி தலையணையோடு முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

முதல் தடவை: "ஆடுது."

மறுபடி அடியில் படுத்தார், எழுந்தார், ஓட்டினார். "இது இன்னும் மோசம். உங்க மேல கோவமா இருக்குது பாய்."

"என் மேல எதுக்குங்க? பொட்டு வச்சது நீங்க."

மூன்றாவது தடவை டோல்கேட் தாண்டியும் அவளிடமிருந்து சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணி, ஆடுதா?"

"எது?" என்றாள். "அக்காவுக்குக் கஞ்சி வைக்க மண்ணச்சநல்லூர்ல நொய் வாங்கிக்கணும்."

நாலாவது துளையை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 5

திருவெள்ளறை போய்வந்தோம். ஹலீம்தான் ஓட்டினார். அக்கா கண்ணைத் திறந்து, யார் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஏண்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? தலைய ஒழுங்கா வாரிக்கிட்டு வரக்கூடாதா?" என்றாள். பேரன் பேத்தி எடுத்த பானுமதி தலையைக் கோதிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அக்காவுக்கு நொய்க்கஞ்சி நாலு கரண்டி இறங்கியது.

பானுமதியை அதட்டினவர்கள் எல்லாரும் எனக்கு ஞாபகம். அவள் அப்பா ஒரு பார்வையோடு சரி. அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள். பெரியண்ணன், சின்ன அண்ணன், அத்தை. எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததே இல்லை. அவர்களில் இன்று உயிரோடு இருப்பது இந்த உமாமகேஸ்வரி அக்கா ஒருத்திதான்.