கோரிக்கை இல்லாத ஸ்ட்ரைக்

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் அதிலேயே ஒரு சண்டை கிளம்பும் என்பதால் கேட்கவில்லை. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். "தாள்ல எழுதுங்க, தாள் கத்தாது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அந்தக் கணக்கில் நானும் இரட்டைப் பட்டதாரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் முந்நூறு பேருக்குத் தலைவியாக இருந்தவள் நீ. கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி, வாசலில் பெயர்ப்பலகை. அதை விட்டுவிட்டு ஒரு வருடம் எங்கேயோ தங்கிப் படித்தாய். படிப்பென்று நானும் பேசாமல் இருந்தேன். இப்போது ஆபீஸ் ஆபீஸாகப் போய் மேனேஜர்களுக்கு ஆன்மிகம் சொல்லித் தரப் போகிறேன் என்கிறாய். எங்கள் சலவைக் கூடத்து மேனேஜருக்கு ஆன்மிகம் வந்தால் எங்கள் சம்பளம் என்ன கதியாகும் என்று எனக்கு நியாயமான பயம்.

பக்கத்து வீட்டு டெய்லர் "பொண்ணு என்ன பண்ணுது?" என்றார். "பெரிய இடத்துல இருக்கு" என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

உன் பழைய முதலாளி ஜூன் முடிகிற வரை நாற்காலியைக் காலியாக வைத்திருப்பாராமே. வேலையை விட்டுப் போனவளுக்கு மனசு மாற அவகாசம் தருகிற முதலாளியை நான் கேள்விப்பட்டதே இல்லை. போய் உட்கார்ந்துவிடு, கண்ணு.

உன் அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாளிலும் உங்கள் குரல் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டது.

ஏன் விட்டேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது பேரை வேலையிலிருந்து எடுக்கும் உத்தரவைக் கொண்டுவந்து வைத்தார்கள். மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். சாப்பாடு ஆறக்கூட இல்லை. மாலையில்தான் உறைத்தது. நாற்பது பேரில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. என் பசியும் போகவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

காலையில் பிரார்த்தனை செய்கிறவள் ஒருத்தி, மதியம் கையெழுத்துப் போடுகிறவள் இன்னொருத்தி என்று இருந்திருக்கிறேன் அப்பா. இரண்டு பேரும் ஒருத்தியாக வேண்டும். அதைத்தான் ஒரு வருடம் படித்தேன்.

சொல்லித் தருவது சின்ன விஷயங்கள். வேலை தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்வது. கோபம் வந்தால் 'பேசுவது நானா, என் பயமா' என்று கேட்டுக்கொள்வது. ஒருவரைப் பற்றி முடிவெடுக்குமுன் அவர் எதிரில் போய் உட்கார்வது. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் ஷிஃப்டில் செய்து பாருங்கள்.

ஜூன் வரை பார்க்கிறேன். யாரும் கூப்பிடாவிட்டால் நாற்காலிக்கே போய்விடுகிறேன். வீம்புக்குப் பட்டினி கிடக்கிற ரகம் இல்லை நான். அம்மாவை முட்டிக்குத் தைலம் தடவச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 14

அன்பு மகளுக்கு,

உன் வித்தை இங்கே பலிக்காது என்று நிரூபிக்கத்தான் செய்து பார்த்தேன். நடந்ததைக் கேள்.

சலவைக் கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் சங்கு என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் துண்டும் மலை மலையாக வந்து இறங்குகிற இடம். மெஷின்கள் போடுகிற இரைச்சலுக்கு மேலே கத்துகிறவன்தான் மேஸ்திரி. அந்தத் தகுதியில்தான் எனக்குப் பதவியே கிடைத்தது. திங்கட்கிழமை காலை எல்லோரையும் மூட்டைகள்மேல் உட்காரச் சொல்லி, "மெஷினப் போடாதீங்க. பேசாம கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றேன். நான் மெதுவாகப் பேசியதால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூடமே நிசப்தம். மேனேஜருக்கு மாடியில் அறை. கீழே இரைச்சல் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தார்.

"என்னய்யா, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார். சும்மா உக்காந்திருக்கோம்."

"கோரிக்கை என்ன, சொல்லு. பேசித் தீத்துக்கலாம்."

"கோரிக்கையே இல்ல சார்."

அவர் முகம் வெளுத்தது. எங்கள் மெஷினில்கூட அப்படி ஒரு வெளுப்பு வந்ததில்லை. "கோரிக்கை இல்லாத ஸ்ட்ரைக்கா? அப்ப இதுக்குப் பின்னால யாரோ பெரிய ஆளு இருக்காங்க."

"ஆமா சார். என் பொண்ணு."

அதற்குள் இஸ்திரி மெஷினில் வேலை பார்க்கிற ஓர் அம்மா முந்திக்கொண்டு, "சார், அந்த மூலை காத்தாடி ஓடி ரெண்டு வருஷமாச்சு" என்றாள். மதியத்துக்குள் காற்றாடி ஓடியது. இரண்டு வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத காற்று. உன் ஆன்மிகத்தின் முதல் பலன் என்று எழுதி வைத்துக்கொள்.

ஆட்கள் கேட்டுக்கொண்டதால் இப்போது தினமும் உட்காருகிறோம். மேனேஜர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். இதை வைத்து அப்பா மாறிவிட்டார் என்று கணக்குப் போடாதே. நாற்காலியை நினைவில் வை.

காற்று வாங்கிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா


மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

காற்றாடிக் கதையைப் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சிரித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு லாரி கம்பெனியில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மேனேஜர்கள். நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்தவர், "இதனால லாபம் எத்தனை சதவீதம் கூடும் மேடம்?" என்றார். "தெரியாது சார்" என்றேன். நிஜமாகவே தெரியாது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் நானும், நாற்காலிகளை மடித்து அடுக்க வந்தவரும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு அழைப்பில்லை. பழைய முதலாளியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் சொன்னதுதான் சரி. சந்தோஷம்தானே அப்பா?

உங்கள் மகள்


மே 15

என் கண்ணுக்கு,

'சந்தோஷம்' என்று எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழிந்தது. "தாள வீணாக்காம உள்ளத எழுதுங்க" என்றாள் அம்மா. எழுதுகிறேன்.

காற்றாடி கேட்டாளே இஸ்திரி அம்மா, அவள் போன மாதம் அடுத்தடுத்து விரிப்புகளைத் தீய்த்துவிட்டாள். "இந்த வாரத்தோட அனுப்பிடு" என்றார் மேனேஜர். நான் சங்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் உன் கேள்வி குறுக்கே வந்து நின்றது. பேசப்போவது நானா, என் பயமா? பயம்தான், கண்ணு. விரிப்பு தீய்ந்ததற்கு என்னைக் கேட்பார்களோ என்ற பயம். இத்தனை வருடமும் ஊதியது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கூடையைக் கவிழ்த்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே, "கிட்டப் பார்வை மங்கிப்போச்சுண்ணே. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு சொல்லல" என்றாள். அவளைத் துணி மடிக்கிற மேசைக்கு மாற்றினேன். மேனேஜரிடம், "அனுப்பறதுன்னா நீங்களே எதிர்ல உக்காந்து சொல்லிடுங்க சார்" என்றேன். வந்தார். உட்கார்ந்தார். அவள் மடித்து வைத்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். அனுப்புகிற பேச்சையே எடுக்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

அந்த லாரிக்காரருக்குச் சொல்ல என்னிடமும் சதவீதம் இல்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா இப்போது டிவி சத்தத்தைக் கூட்டுவதில்லை. கணக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

முந்நூறு பேருக்கு நீ தலைவியானபோது ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அது உன் பதவியைப் பார்த்து. இப்போது படுகிற பெருமை உன்னைப் பார்த்து. போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து பார். உன்னிடம் படித்ததை உனக்கே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் அப்பா


ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

போனேன். அதே கண்ணாடி அறை. முதலாளி நல்ல மனிதர்தான், டீ வரவழைத்தார். முதல் வாரமே பதினெட்டுப் பேரை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேச எனக்கு நேரம் வேண்டும் என்றேன். "அதெல்லாம் வீட்டோட வச்சுக்கம்மா. இங்க வேலை மட்டும்" என்றார். நீங்கள் சொன்னபடி கொஞ்சம் சும்மா உட்கார்ந்தேன். பிறகு, "வீட்டுக்குள்ள அடங்கற அளவுல அது இப்ப இல்ல சார்" என்று பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது அப்பா. இருப்பது ஒரே ஓர் அழைப்பு. உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், இரவு ஷிஃப்ட் நர்ஸ்களை மேய்க்கிற எட்டுப் பேர். வேலை முடிந்து அவர்கள் வெளியே வரும் காலை நேரத்தில் வகுப்பு. இந்த வாடகை இனிக் கட்டுப்படியாகாது. கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கலாமா?

உங்கள் மகள்


ஜூலை 5

அன்பு மகளுக்கு,

இருக்கலாமா என்று கேட்டு எழுதியதற்கு அம்மா உன்னைத் திட்டுகிறாள். எழுத முடியாத வார்த்தைகள். மாடி அறையில் இருந்த பழைய கட்டிலை அவளும் நானும் இறக்கிவிட்டோம். மின்விளக்கு மாற்றியாயிற்று. ஜன்னல் கொக்கி மட்டும் பாக்கி. நான் மாட்டினால் ஜன்னலே கழன்றுவிடும் என்று அம்மா வேறு ஆளை வரச் சொல்லியிருக்கிறாள்.

அந்த முதலாளிக்கு நீ சொன்ன பதிலை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு எனக்காக ஒரு தடவை, சத்தமில்லாமல் படித்துக்கொண்டேன்.

நர்ஸம்மாக்கள் விடிய விடிய நின்றுவிட்டு வருகிறவர்கள். கண்ணை மூடச் சொன்னால் இரண்டு பேராவது தூங்கிவிடுவார்கள். எழுப்பிவிடாதே. பாடம் போனால் போகட்டும். அவர்கள் எழுந்திருக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

நீ பிறந்த புதிதில் உன் பக்கத்தில் நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் பிரார்த்தனைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன் அப்பா