பத்தரை மணிக் கையெழுத்து

ஆகஸ்ட் 2004

அன்பு மகன் ஜெயக்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் கொஞ்சம் தூங்கவும் செய்கிறோம், அதை நலம் என்று சொல்லலாம் என்றால் நலம். அங்கே மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, வெயிலில் வேலை செய்யும்போது தலையில் துணி கட்டிக்கொள், நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உன் தம்பி கந்தவேலுவின் காரியம் முடிந்து நீ விமானம் ஏறின பிறகு இங்கே நடந்ததையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு நல்லதை மட்டும் சொல்லு என்று ஜாடை காட்டுகிறார். நல்லது மட்டும் என்றால் மழை பெய்தது என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கவேண்டியதுதான். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் தங்கை கீர்த்தனாவைப் பற்றித்தான். கந்தன் போன நாளிலிருந்து அந்தப் பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அண்ணன் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை, நீயே பார்த்துப் பயந்தாய். நீ போனதும் வக்கீல் வந்து தேசிங்கு ஜாமீனில் வெளியே வந்துவிட்டான் என்றார். மனை விற்கிறவர்கள் இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டபோது விலக்கிவிடப் போன பிள்ளையைக் கத்தியால் குத்தினவனுக்கு ஜாமீன், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கோர்ட்டு ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறதாம், மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரைக்கு நம் ஊர் ஸ்டேஷனில் வந்து அவன் கையெழுத்துப் போடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூட. மூலையில் பிசிக்ஸ் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கி, போடுறானா இல்லியான்னு யாரு பாக்கறது என்று கேட்டாள். போலீஸ்காரங்க பாத்துக்குவாங்க என்றார் அப்பா. அவங்களுக்கு வேற வேல கீது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் யூனிபாரம் போட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினவள் நேரே ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே கன்னியம்மா என்று ஒரு ஏட்டம்மா இருக்கிறார், நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வூட்டுக்குப் போ பாப்பா என்று அவர் சொன்னதற்கு, பொதுமக்கள் உக்கார்ற இடம்னு எழுதிகீதே, நான் பொதுமக்கள் இல்லியா என்றாளாம். பதினாறு வயசில் இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதே, உன் அப்பா என்னைத்தான் கை காட்டுகிறார். பத்தரைக்குத் தேசிங்கு வந்தான், இவளைப் பார்த்தான், கையெழுத்து கோணலாக விழுந்தது, இது உன் கையெழுத்தே இல்ல, மறுபடி போடு என்று ஸ்டேஷன் ரைட்டர் அவனைத் திட்டினாராம். அன்றிலிருந்து தினமும் போனாள். ஒரு நாள் ஸ்டேஷனில் எந்தப் பேனாவும் எழுதவில்லை, கடைசியில் இவளிடம் கேட்டார்கள், கொடுக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் போய்விடுவானே என்று கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அந்தப் பேனாவைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கழுவின பேனா எழுதுமா, வேறு வாங்கிக் கொடுத்தேன். இன்னொரு நாள் அவன் தாமதமாக வர, மணி இன்னா என்று இவள் கேட்க, அந்தக் கொலைகாரன் கையைக் கட்டிக்கொண்டு, புதுப்பட்டினம் பஸ்ஸு பஞ்சராயி நின்னுகினு இருந்துச்சி பாப்பா, வேணும்னா கண்டக்டரக் கேளு என்கிறான். அதுக்கு முந்தின பஸ்ல வா என்றாளாம். மறுநாளிலிருந்து முந்தின பஸ்ஸில் வர ஆரம்பித்தான்.

இதைவிடக் கேள், ஆட்டைக் காணோம் என்று வந்த ஒரு அம்மா இவளைப் போலீஸ் என்று நினைத்துப் புகார் சொல்ல, இவளும் பொறுமையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆடு கிடைத்துவிட்டது. அந்த அம்மா வீடு தேடி வந்து புடலங்காய் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று சாப்பிடும்போது மூன்று பேரும் சிரித்துவிட்டோம், அப்புறம் சிரித்துவிட்டோமே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். அப்பா ஒரு நாள் கதவைப் பூட்டி வைத்தார், அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை அவளுக்கு. ஸ்டேஷனுக்குப் போய் வந்தால் சாப்பிடுகிறாள், நான் என்ன செய்வேன். பள்ளிக்கூடத்தில் வேறு கூப்பிட்டு, இப்படியே போனால் பிளஸ் டூ பரீட்சை எழுத வருகை போதாது என்று சொல்லிவிட்டார்கள். படிப்பு போய்விடுமோ, பெண்ணே நம் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு நடுவில் தேசிங்கின் அம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சின்னப்பொண்ணு என்று பெயர், புதுப்பட்டினத்தில் மீன் விற்கிறவள். பையனுக்கு ஜொரம், இன்னிக்கு ஒரு நாளு பாப்பாவ விட்டுடச் சொல்லும்மா என்று லீவு கேட்கிறாள். இன்ஸ்பெக்டரிடம் போகாமல் நம்மிடம் வந்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனால் வெயிலில் வந்தவள் தண்ணீர் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அவள் போன பிறகு அந்தச் சொம்பை உள்ளே எடுப்பதா வெளியே எறிவதா என்று தெரியாமல் வாசலிலேயே விட்டுவிட்டேன், கடைசியில் அப்பா எடுத்துச் செடிக்கு ஊற்ற வைத்துக்கொண்டார். கீர்த்தனா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

போன மாசம் கோர்ட்டில் அந்தக் கண்டிஷனை எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் இவளிடம் வந்து, நாளைலேர்ந்து நான் வரமாட்டேன் பாப்பா, நீயும் இஸ்கூலுக்குப் போ என்று சொல்லிவிட்டுப் போனானாம், அவன் வாயால் அதைக் கேட்கவேண்டும் என்று நம் தலையில் எழுதியிருக்கிறது. மறுநாளும் இவள் போனாள். இன்னாத்துக்கு வந்த என்று யாரும் கேட்கவில்லை, கன்னியம்மா டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பத்தரை ஆயிற்று, வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முந்தின பஸ்ஸும் வந்து போனது, அடுத்த பஸ்ஸும் வந்து போனது. கன்னியம்மா தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். உள்ளே நுழைந்ததும் பையைக் கூட இறக்காமல், யாருமே வரலம்மா, அண்ணன் கூட வரலியேம்மா என்று சொல்லி என் மடியில் விழுந்தாள். இத்தனை மாசத்து அழுகையும் சேர்ந்து வந்தது. உன் அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். நானும் அவளும் அடுப்பில் சோறு கரியும்வரை அழுதோம், என் வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று நினைக்காதே.

மறுநாள் முதல் மணிக்கே பள்ளிக்கூடம் போய்விட்டாள், இன்றுவரை போகிறாள். வழக்கு இன்னும் இருக்கிறது, அது நடக்கட்டும். வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ போனில் பல்லைக் கடித்தாயே, அதை இந்தக் கடிதத்தோடு விட்டுவிடு, எனக்கு மிச்சம் இருக்கிற பிள்ளைகள் ஸ்டேஷன் பக்கமே போகக்கூடாது. திருப்போரூர் முருகனோடு நான் பேசுவதை நிறுத்தியிருக்கிறேன், ஆனாலும் உனக்காக மட்டும் வாய் திறந்து கேட்டேன், அவன் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் அந்த நேரம் போவது அவளுக்குத் தெரிவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பத்தரை ஆனால் வாசலில் போய் நிற்கிறாள். அந்த நேரத்துக்கு நீ போன் செய், உனக்கு அங்கே ஒன்பது மணியாம், அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். தாமதம் செய்யாதே, ஏன் என்று கேட்பாள், உன்னால் பஸ் பஞ்சர் என்று சொல்லவும் முடியாது.

இப்படிக்கு
உன் அம்மா
தி. வேண்டா