மாப்பிள்ளைக்குப் பத்தியம்

விருதுநகர்
14.6.1961

அன்புள்ள அப்பாவுக்குத் தங்கத்தாய் வணங்கி எழுதுவது. நானும் பிள்ளை லட்சுமிகாந்தமும் சுகம். உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் சுகமில்லை.

ஓயாத தாகம், உடம்பும் இளைத்துவிட்டது. டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். சோறு ஒரு வேளைதான். மற்ற வேளைக்குக் கேப்பைக் கூழும் கீரையும். இனிப்பு ஆகாது. காலையில் தவறாமல் நடக்க வேண்டுமாம். கொஞ்ச நாள் ஆமத்தூர் ரோட்டில் நடந்தார். முகத்தில் தெளிச்சி வந்தது.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. “கூழு குடிக்கவா எம் புள்ளையப் பெத்தேன்? மண்டிக்காரரு தெருவுல நடந்தா, கடை நொடிச்சுப் போச்சும்பாக” என்று அழுகிறார்கள். நான் அவரைப் பட்டினி போடுகிறேனாம். அவரும் தடுமாறுகிறார். நீங்கள் ஒரு தடவை வந்து பேசுங்கள். உங்கள் வார்த்தையை அத்தை தட்டமாட்டார்கள்.

உங்கள் பிரிய மகள்,
தங்கத்தாய்

சிவகாசி
22.6.1961

சௌபாக்கியவதி தங்கத்தாய்க்கு அப்பாவின் ஆசி.

தீபாவளிப் பட்டாசு ஆர்டர் குவிந்து கிடக்கிறது. மழைக்கு முன்னால் லோடு ஏற்ற வேண்டும். கம்பெனியை விட்டு நகர முடியவில்லை.

கோபப்படாதே அம்மா. சோற்று விஷயத்தில் மாமியாரோடு மல்லுக்கு நின்றாள் என்ற பேர் நமக்கு வேண்டாம். மாப்பிள்ளை சங்கரபாண்டியனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது. டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். அத்தை சொல்கிறபடி நட.

சண்முகவேல்

மதுரை
3.12.1961

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அவர் நடப்பதை விட்டார். மூன்று வேளையும் சோறு. தீபாவளியன்று உங்கள் வீட்டுப் பந்தியில் அவராகவே பயந்து அதிரசத்தை ஒதுக்கினார். “சாப்பிடுங்க மாப்ளே, நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்று நீங்கள்தான் எடுத்து வைத்தீர்கள்.

அன்று புதுச் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. பாதம் கறுத்தது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நேற்று முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும், “பாதம் அரிக்கு, கொஞ்சம் சொறிஞ்சு விடு” என்றார். எதைச் சொறிவேன்? வெறும் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தேன். “இப்பத்தான் சுகமா இருக்கு” என்று கண்ணயர்ந்தார்.

ஜுரம் விடவில்லை. வர முடிந்தால் வாருங்கள்.

தங்கத்தாய்

சிவகாசி
20.1.1962

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளையின் பதினாறாம் நாளில் நீ என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு செருப்புக்கடி ஆளையே கொண்டுபோகும் என்று யாரம்மா கண்டது? நான் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அம்மா இருந்த அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அப்பா

விருதுநகர்
2.2.1962

அப்பாவுக்கு,

நான் வரவில்லை. அத்தை இப்போது அடுப்படிப் பக்கமே வருவதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் கெடுதல் நினைக்கவில்லை என்று எனக்கும் தெரியும். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் சொல்லி அனுப்புங்கள். வந்து பார்ப்பேன், கூட இருந்து செய்வேன். ஆனால் உங்கள் வீட்டில் இனி என்னால் கை நனைக்க முடியாது.

தங்கத்தாய்