கறார் அக்கா சிரித்த படம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் செய்தால் என் எண்ணைப் பார்த்ததும் நீ எடுக்கமாட்டாய். கடிதம் என்றால், கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும். அண்ணி நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் ஸ்டூடியோவை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. பன்னிரண்டு வருடம் நீ எடுத்த படங்களில் மருவை அழித்தேன், மூடிய கண்ணைத் திறந்து வைத்தேன், கன்னத்தை வெளுப்பாக்கினேன். ஒரே ஒரு நாள் கேமராவைக் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கும்மா அது? கம்ப்யூட்டரைப் பாரு" என்றாய். அந்தச் சண்டையைக் கிளற இதை எழுதவில்லை. சேதி வேறு.

இங்கே வெளியூர் பஸ் டிப்போவில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பெண் கண்டக்டர்கள் முப்பத்தொரு பேர். அவர்கள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு பஸ்களின் பக்கவாட்டில் ஒட்டப் போகிறார்கள். மேனேஜர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கக்கூடாது. பார்த்தா, இவங்க பஸ்ல ஏறலாம்னு ஜனங்களுக்குத் தோணணும்." ஒரு மாதம் தவணை. சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

ஷிப்ட் மாறும் நடுப்பகலில்தான் எல்லோரும் டிப்போவில் இருப்பார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். நேற்று எடுத்ததெல்லாம் பாழ். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரிக்குழி, மூக்குக்குக் கீழே நிழல் மீசை. போதாததற்கு, கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவர்கள் கேமராவைத் தூக்கியதும் கொடிக்கம்பம் மாதிரி விறைத்துவிடுகிறார்கள்.

வேறு யாரிடம் கேட்பேன்? உன்னைத்தான் கேட்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அண்ணி கிழிக்க விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள்.

நடுப்பகல் வெயில் நம் தொழிலுக்கு எமன். பதினொரு மணிக்கே நான் ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுவது உனக்குத் தெரியாதா? மேனேஜரிடம் ஒரு அறையைக் கேட்டு வாங்கு. பின்னால் நீலத் துணி, பக்கத்துக்கொரு விளக்கு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வை. மோவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல், மூச்சைப் பிடிக்கச் சொல். முப்பத்தொன்றும் அரை நாளில் முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் வந்துவிடு. உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஆள் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மூன்று புருவம் வைத்துவிட்டார்.

கேமரா விஷயமாக நான் ஒன்றும் எழுதுவதாக இல்லை.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் யோசனையை அப்படியே தலைகீழாகச் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே.

மூன்று நாள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமியார் கதை, மேனேஜர் கதை எல்லாம் கேட்டேன். நான்காம் நாள் கேமராவை அவர்கள் மறந்தே போனார்கள். என்னை மறக்கவில்லை. "நம்ம போட்டோக்காரி எங்க, சாப்பிட்டாளா?" என்று தேடுகிறார்கள்.

அந்த மூன்று நாளும் வெயிலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டுக் கூரையின் நிழல் முடியும் இடத்துக்கு ஓரடி உள்ளே ஒருவர் வந்து நின்றால், வெளியே காயும் சிமென்ட் தரையின் வெளிச்சம் எழும்பி முகத்தை நிரப்புகிறது. கரிக்குழி காணாமல் போகிறது. வெட்டவெளி என்றால், வெயில் கொஞ்சம் சாய்ந்த பிறகு அது அவர்கள் முதுகில் படும்படி நான் இடம் மாறிக்கொள்வேன். எதிரில் ஒரு வெள்ளை பஸ் நின்றால் போதும். பஸ்ஸில் பட்ட வெயில் திரும்பி வந்து மெத்தென்று முகத்தில் விழுகிறது. கேமராவின் வெளிச்ச அளவை முகத்துக்குத் தகுந்தபடி மட்டும் வைத்தேன். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்!

யாரையும் நிற்கச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. ஒருத்தி ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு கொண்டை போடுகிறாள். இன்னொருத்தி மேனேஜர் மாதிரி நடந்து காட்டுகிறாள். எடுத்ததை அன்றன்றே காட்டி, அவர்கள் சரி என்றதைத்தான் வைத்துக்கொண்டேன். முப்பது தேறிவிட்டது, அண்ணா!

முப்பத்தொன்றாவதில்தான் வினை. கறார் அக்கா என்று ஒருவர். படிக்கட்டில் ஒரே ஒருவர் தொங்கினாலும் விசில் கொடுக்கமாட்டார், அதனால் அந்தப் பேர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நேற்று பஸ் கழுவும் இடத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு ஒரு டிரைவர் தொப்பலாக நனைந்தார். கறார் அக்கா தலையைப் பின்னால் சாய்த்துக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தெறித்த துளியெல்லாம் அவர் தலையைச் சுற்றி வெயிலில் மின்னியது. எடுத்துவிட்டேன். இதைவிட நல்ல படம் என் ஆயுசில் எடுப்பேனா, தெரியவில்லை.

திரும்பியவர் வாயைப் பொத்திக்கொண்டார். "யாரைக் கேட்டு எடுத்தே? அழி அதை!" முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அதைத்தான் இத்தனை வருடம் உதட்டுக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறார். மேனேஜரோ என் தோளுக்குப் பின்னாலிருந்து படத்தைப் பார்த்துவிட்டார். "முதல் பஸ்ல இதுதான்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன செய்யட்டும்?

உன் தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

முகம் யாருடையது? மேனேஜருடையதா? அந்தம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேலை போனால் போகட்டும். இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு முறை அவரிடம் காட்டு. கேமராவின் குட்டித் திரையில் காட்டாதே. பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடு. கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விடு. தன் முகத்தைப் பார்ப்பவர் பக்கத்தில் வேறு ஆள் நிற்கக்கூடாது.

வெள்ளை பஸ் சேதியை அண்ணி இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நான் மூன்று தடவை படித்தேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

"அவங்க சரின்னு சொன்னாத்தான் சார் தருவேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப மத்த முப்பதும் வேண்டாம்" என்றார்.

மறுநாள் ஒரு முழ உயரத்துக்கு அச்சிட்டுக் கொண்டுபோய்க் கறார் அக்கா கையில் கொடுத்தேன். நீ சொன்னபடியே தள்ளிப் போனேன். ஓய்வறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தியாவது பல்லைப் பற்றிப் பேச வேண்டுமே! "அக்கா, இத்தனை நாள் இதை எங்ககிட்ட ஒளிச்சா வெச்சிருந்தே?" என்று ஒருத்தி அவர் தோளில் செல்லமாக அடித்தாள்.

பிறகு என்னிடம் வந்தார்.

"எங்கம்மா சிரிச்சா இப்படித்தான் இருக்கும். எங்கிட்ட அது இருக்குன்னே தெரியாமப் போச்சு" என்றார். படத்தை என்னிடம் நீட்டினார். "போடு. ஆனா சின்னதாப் போட்டா தொலைச்சுடுவேன். ஜன்னல்லேருந்து சக்கரம் வரைக்கும் இருக்கணும்."

அதோடு விட்டாரா? என் கையைப் பிடித்து மேனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே முப்பது பேர். "இவ எடுத்ததை ஒட்டுங்க சார். இல்லேன்னா எங்க யார் மூஞ்சியும் உங்க பஸ்ல இருக்காது." கறார் அக்காவிடம் கறாராகப் பேச யாரால் முடியும்? மேனேஜர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நேற்று முதல் பஸ் கிளம்பியது. பக்கவாட்டு முழுக்க அவர் சிரிப்பு, மூலையில் சின்ன எழுத்தில் என் பேர். எல்லோரும் வாசலில் நின்று கை தட்டினோம். கை இன்னும் எரிகிறது, அண்ணா. இப்போது ஆண் கண்டக்டர்கள், "நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அடுத்த வேலை அதுதான்.

உன் தங்கை


மே 4

அன்புத் தங்கைக்கு,

இன்று பகல் பன்னிரண்டரைக்கு எதிரே பஸ் ஸ்டாண்டில் அந்த பஸ் வந்து நின்றது. ஸ்டூடியோவில் ஒருவரை மோவாயை இறக்கச் சொல்லி உட்கார வைத்திருந்தேன். அவரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன்.

வெயிலில் நின்று பார்த்தேன். காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, படத்தைப் பார்த்துத் தானாகச் சிரித்தார். முப்பது வருடமாக என் படங்களைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். படத்தோடு சேர்ந்து சிரித்தவர் ஒருவர்கூட இல்லை.

"எடுத்தது என் தங்கச்சி" என்றேன் அவரிடம். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் இறங்கினார். படத்தில் இருப்பவரேதான். அவரிடமும் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ! கேமரா தராத அண்ணன் நீங்கதானா?"

பஸ் முழுக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. நாலு பேர் கேட்கச் சொல்வதுதான் முறை என்று பட்டது.

"ஆமா, நானேதான்" என்று உரக்கவே சொன்னேன்.

அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

உனக்கு வராது என்று நினைத்து நான் கேமராவைத் தராமல் இருக்கவில்லை, குட்டி. வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். இதை எழுத எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் அண்ணியும் அதே பஸ்ஸில் வருகிறோம். இரண்டு ஜன்னலோரச் சீட் பிடித்து வைப்பதாகக் கறார் அக்கா சொல்லியிருக்கிறார். நீ படம் எடுக்கும்போது பின்னால் நின்று ஒரு நாள் பார்க்க வேண்டும். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
போட்டோக்காரியின் அண்ணன்